ஒரே பந்தி: கிறிஸ்தவ விசுவாசமும் மனிதரிடையே உள்ள பிரிவினைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் சபைகளிலேயே இனம், மொழி, சாதி, செல்வம் ஆகியவற்றின் பெயரால் மனிதர் பிரிந்து நிற்பதைக் காண்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகளில் பந்தி என்ற சொல் அடிக்கடி வரும். யார் யாருடன் அமர்ந்து உண்கிறார் என்பதைப் புதிய ஏற்பாடு எவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறது என்பது பலருக்குப் புலப்படுவதில்லை; ஆனால் பிரிவினை பற்றிய அதன் போதனையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பிரிவினையைப் பற்றிக் கிறிஸ்தவ விசுவாசம் அடிப்படையில் என்ன சொல்கிறது?

மனிதர் கடவுளோடு ஒப்புரவாவதையும் மனிதரோடு மனிதர் ஒப்புரவாவதையும் தனித்தனியே பிரித்துவிட முடியாது என்று சொல்கிறது. யூதருக்கும் புறஜாதியாருக்கும் (யூதர் அல்லாதவர்களுக்கும்) இடையே பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைக் கிறிஸ்து தம் சிலுவையினால் தகர்த்தார் என்பது எபேசியர் நிருபம் 2ஆம் அதிகாரத்தின் செய்தி. அந்தச் சுவர் வெறும் உவமையாக இருந்திருக்க வேண்டியதில்லை. எருசலேம் தேவாலயத்தில் புறஜாதியார் வரக்கூடிய வெளிப்பிராகாரத்தையும் உட்பகுதியையும் பிரிக்கும் தடுப்புச்சுவர் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதைக் கடக்கும் அந்நியர் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்வெட்டை 1871இல் பிரெஞ்சு ஆய்வாளர் கிளெர்மோன்-கானோ கண்டெடுத்தார். அது இப்போது இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. நிருபத்தின் சொற்கள் அந்தச் சுவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர்.

இதைப் படித்துவிட்டு, யூத சமயம் விலக்கி வைத்தது, கிறிஸ்தவம் சேர்த்துக்கொண்டது என்று முடித்துவிடக் கூடாது. அந்த ஆலயம் எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு எனப்படும் என்று முன்னரே அறிவித்தது ஏசாயாவின் புத்தகம் (56:7). மறுபுறம், சுவர் தகர்ந்தது என்று பிரசங்கித்த திருச்சபையின் தலைவரான போப் நான்காம் பவுல்தான் 1555இல் ரோமாபுரியின் யூதரை மதிலுக்குள் அடைத்து வாழவைத்தார்.

"யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்றால் வேறுபாடுகளே இருக்கக் கூடாதா?

இருக்கலாம். ஒருவருக்கு அருகில் இடமும் இன்னொருவருக்குத் தொலைவில் இடமும் கொடுப்பதற்கு அந்த வேறுபாடுகளை அளவுகோலாக வைக்கக் கூடாது என்பதுதான் கலாத்தியர் 3:28இன் பொருள். பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே மொழியைப் பேசத் தொடங்கவில்லை. அவரவர் தம் சொந்த மொழியிலேயே செய்தியைக் கேட்டார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் சிங்காசனத்தின் முன் நிற்கும் திரளான கூட்டத்திலும் கோத்திரங்களும் மொழிகளும் மறைந்துவிடவில்லை. ஆகவே பெரும்பான்மையினர் தம் மொழிக்கும் இசைக்கும் 'பொதுவானது' என்று பெயரிட்டு, மற்றவர்கள் தம்முடையதை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு இந்த வசனத்தில் ஆதாரம் இல்லை.

பந்திக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

இயேசுவின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, அவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடு சாப்பிடுகிறார் என்பது (லூக்கா 15:2). அவர்களுக்குப் போதித்ததை யாரும் குறை சொல்லவில்லை. ஒருவருக்குப் போதிக்க அவருக்குச் சமமாக அமர வேண்டியதில்லை; உண்பதற்கு அமர வேண்டும்.

இதே குற்றச்சாட்டு பேதுருவுக்கும் வந்தது. செசரியாவில் இருந்த ரோமப் படைத்தலைவர் கொர்நேலியுவின் வீட்டுக்குப் பேதுரு சென்றதையும், அங்கே கூடியிருந்தவர்கள் ஞானஸ்நானம் பெற்றதையும் அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரம் விவரிக்கிறது. அவர் எருசலேமுக்குத் திரும்பியபோது அங்கிருந்த யூத விசுவாசிகள் அவரைக் கேட்ட கேள்வியைக் கவனிக்க வேண்டும். ஏன் ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தீர் என்று அவர்கள் கேட்கவில்லை; விருத்தசேதனம் இல்லாதவர்களிடம் போய் அவர்களோடு உண்டீரே என்றுதான் கேட்டார்கள் (11:3).

அந்தியோகியாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. அங்கே புறஜாதி விசுவாசிகளோடு இயல்பாக உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து, அங்குள்ள சபைத் தலைவரான யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்ததும் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள். பர்னபாவும் அவர்களோடு இழுபட்டுப் போனார். பேதுரு எந்தக் கொள்கையையும் மறுக்கவில்லை, எவரையும் திட்டவில்லை, இடத்தை மட்டுமே மாற்றிக்கொண்டார். ஆனால் பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு ஏற்ப நடவாத செயல் என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். மனிதர் விசுவாசத்தினால் நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்ற புகழ்பெற்ற வாக்கியம் கலாத்தியர் நிருபத்தில் இதைத் தொடர்ந்தே வருகிறது (2:16). பிற்காலத்தில் தனிமனிதரின் மனச்சாட்சியைப் பற்றிய கோட்பாடாகவே பெரும்பாலும் கற்பிக்கப்பட்ட அந்தப் போதனை, சாப்பாட்டுப் பந்தியில் எழுந்த ஒரு தகராற்றை ஒட்டி எழுதப்பட்டது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பேதுரு என்ன பதில் சொன்னார் என்பதைப் பவுல் குறிப்பிடவில்லை.

ஆதித் திருச்சபை ஒருமனமாக இருந்தது அல்லவா? அந்த நிலைக்குத் திரும்பினால் போதாதா?

அப்படி ஒரு பொற்காலத்தைத் தேடினால் கிடைக்காது. எருசலேம் சபையிலேயே அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதைக் கையாண்ட விதம் படிக்கத்தக்கது. முறுமுறுத்தவர்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லவில்லை. பங்கீட்டுப் பொறுப்பையே ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை வைத்து மட்டும் ஒருவருடைய பூர்வீகத்தைத் திட்டமாகச் சொல்ல முடியாது என்றாலும், குறை சொன்ன தரப்பினரின் கையிலேயே நிர்வாகம் பெரும்பாலும் சென்றது என்று கொள்வதே இயல்பான வாசிப்பு. இன்றைய சபைக் குழுக்கள் பல, புகாரை விசாரிக்க அமைக்கும் குழுவில் புகார் சொன்னவர்களுக்கு ஓர் இடம் கொடுப்பதற்கே தயங்குகின்றன.

கொரிந்துவில் நிலைமை மோசம். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் கூடி உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் எழுதினார். அபாத்திரமாய், அதாவது தகுதியற்ற விதமாய், போஜனபானம் பண்ணுவதைப் பற்றிய எச்சரிக்கை (1 கொரிந்தியர் 11:27) அந்த இடத்தில்தான் வருகிறது. திருவிருந்துக்கு முன் அந்தரங்கப் பாவங்களைத் தேடிப் பார்க்கும்படி நமக்குக் கற்பித்திருக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் அந்த அதிகாரத்தில் பவுலின் கோபம் இல்லாதவர்களை வெட்கப்படுத்தியவர்கள் மீதுதான். அவர் சொன்ன பரிகாரமும் எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

ஆவிக்குரிய ஒற்றுமை இருந்தால் போதாதா? தனித்தனியே ஆராதித்தால் என்ன தவறு?

இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவின் வரலாறு நீண்டதொரு விடையை வைத்திருக்கிறது. அங்கிருந்த டச்சு சீர்திருத்தச் சபையின் சினாடு (சபையின் ஆளும் மன்றம்) 1857இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. வெள்ளையர் அல்லாத விசுவாசிகளை இருக்கும் சபைகளிலேயே சேர்த்துக்கொள்வது விரும்பத்தக்கது, வேதத்துக்கு ஒத்தது என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் 'சிலருடைய பலவீனத்தினால்' அது பணிக்குத் தடையாக இருக்கும் இடங்களில் அவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாம் என்று சேர்த்துக்கொண்டது. பலவீனமுள்ள சகோதரனைத் தாங்கும்படி பவுல் சொன்ன அறிவுரையின் சாயல் அந்தச் சொல்லில் இருக்கிறது. இங்கே பலவீனர் எனப்பட்டவர்களோ நிலமும் அதிகாரமும் உடையவர்கள். அவர்களுடைய வெறுப்புக்குப் பலவீனம் என்று பெயர் கிடைத்தது.

விதிவிலக்காகக் கொடுத்த அனுமதி விதியாயிற்று. 1881இல் தனிச் சபையே அமைக்கப்பட்டது. 1948இல் ஆட்சிக்கு வந்த கட்சி நிறப்பிரிவினையை அரசின் கொள்கையாக்கியபோது, அதற்கான இறையியல் நியாயங்கள் ஏற்கெனவே பிரசங்க பீடத்தில் பழகியிருந்தன. அந்தத் தனிச் சபையிலிருந்தே எதிர்க்குரலும் வந்தது. 1982இல் வரையப்பட்டு 1986இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பெல்ஹார் அறிக்கை, ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும் என்றும், வேறுபாட்டின் பெயரால் மனிதரைப் பிரிக்கும் எந்தப் போதனையையும் ஏற்க முடியாது என்றும் அறிவித்தது. 1982இலேயே ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறப்பிரிவினைக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது மார்க்கபேதம் (விசுவாசத்துக்கு முரணான போதனை) என்று தீர்ப்புக் கூறியது.

எனவே என் பார்வையில், 'ஆவியில் ஒன்றுதான், அமர்வதில் மட்டும் தனி' என்ற வாதத்தை அதை முன்வைப்பவர்களின் நோக்கத்தைக் கொண்டு மட்டும் எடைபோடக் கூடாது. அது இரண்டு தலைமுறைக்குப் பின் எங்கே போய் நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒடுக்கப்பட்டவர்கள் தனிச் சபை அமைத்துக்கொண்டால் அதுவும் பிரிவினைதானே?

வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பின விசுவாசிகளை முழங்காலிலிருந்து இழுத்து எழுப்பினார்கள். அவர்கள் வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் 1816இல் உருவான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் பேராயரானார். பந்தியிலிருந்து எழுந்து போனவரையும் எழுப்பி விடப்பட்டவரையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

கிறிஸ்தவர் பெரும்பான்மையாக உள்ள நாடுகளிலேயே கொடிய பகைமை நடந்திருக்கிறதே?

நடந்திருக்கிறது. மறைக்க இடமில்லை. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை ருவாண்டாவில் சுமார் நூறு நாட்களில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள். அடைக்கலம் தேடி ஓடிய ஆலயங்களுக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டார்கள். நியமாட்டா, ன்டராமா ஆலயங்கள் இன்று நினைவிடங்களாக உள்ளன. பெல்ஜியக் குடியேற்ற ஆட்சி 1930களில் அடையாள அட்டையில் இனத்தை எழுதியபோதும், அதன்பின் வந்த ஆண்டுகளிலும், திருச்சபையின் பள்ளிகளும் தலைவர்களும் அந்தப் பிரிவை உடைப்பதற்குப் பதிலாக அதனோடு ஒத்துப்போனார்கள். 2017இல் போப் பிரான்சிஸ், திருச்சபையும் அதன் உறுப்பினர்களும் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். அயலவரை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய விசுவாசிகளும் அங்கே இருந்தார்கள் என்பது உண்மை. அந்த உண்மையை மற்றதற்கு ஈடாக வைக்க முயல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

பாதிக்கப்பட்டவர் உடனே மன்னித்துவிட வேண்டும் என்பதுதானே கிறிஸ்தவப் போதனை?

மன்னிப்பு கட்டளைதான். ஆனால் அதை அவசரப்படுத்துகிறவர்கள் பொதுவாகக் காயம் படாதவர்களாக இருக்கிறார்கள். மத்தேயு 5:23-24ஐ நிதானமாகப் படித்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டியவர் யார்? தன் மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவுகூருபவர். அதாவது, தவறு செய்திருக்கக்கூடியவர். முதல் அடி அவருடையது. மனம் திரும்பிய வரிவசூல் தலைவர் சகேயுவும் மன்னிப்பை மட்டும் கேட்டு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார், பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தார்.

மன்னிப்பையும் ஒப்புரவையும் பிரித்துப் பார்ப்பது இங்கே உதவும். மன்னிப்பை ஒருவர் தனியாகவே கொடுத்துவிடலாம். ஒப்புரவுக்கு இரண்டு தரப்பும் தேவை, உண்மையும் தேவை. தன்னை விற்ற சகோதரர்களை யோசேப்பு கண்டவுடன் கட்டித் தழுவவில்லை. பென்யமீனைக் காக்கத் தன்னையே அடிமையாகக் கொடுக்க யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். இன்னும் வன்முறை தொடரும் இடத்துக்குத் திரும்பிப் போகும்படி மன்னிப்பின் பெயரால் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதற்கு இந்தக் கதைகள் எதிலும் ஆதாரம் இல்லை.

பொதுவெளியில் தவறை அறிக்கையிடுவதால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எதை அறிக்கையிடுகிறோம் என்பதைப் பொறுத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில மாதங்களில், 1945 அக்டோபரில், ஜெர்மன் புராட்டஸ்டன்ட் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் தம் குற்றத்தை அறிக்கையிட்டார்கள். அன்றைக்கு அதற்கே சொந்த மக்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஆயினும் அந்த அறிக்கையில் யூதர் என்ற சொல்லே இல்லை. யூதருக்கு எதிரான குற்றத்தை வெளிப்படையாகப் பெயரிட 1950இல் வைசென்சேயில் கூடிய சினாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996இல் விசாரணைகளைத் தொடங்கிய உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம், அரசியல் நோக்கில் செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தினால் பொதுமன்னிப்பு என்ற நிபந்தனையை வைத்தது. மனம் வருந்த வேண்டும் என்பது நிபந்தனையில் இல்லை. புதைத்த இடம் தெரியாத பல குடும்பங்களுக்கு உண்மை கிடைத்தது. இழப்பீடோ பின்தங்கியது: ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் தொகை வழங்க ஆணையம் பரிந்துரைத்திருக்க, 2003இல் அரசு ஒரே தவணையாக 30,000 ராண்ட் என்று அறிவித்தது. சகேயுவின் கதையில் பின்பாதியை விட்டுவிட்டதைப் போன்றது அது.

சபைப் பிரிவுகளே தீராதபோது மற்றவர்களுக்கு ஒற்றுமையைப் பற்றிப் பேசலாமா?

தயக்கத்தோடு பேசலாம். 1054இல் ரோமும் கான்ஸ்டான்டினோப்பிளும் பரஸ்பரம் அறிவித்த சாபங்களைப் போப் ஆறாம் பவுலும் முதற்பிதா அதெனகோராவும் 1965 டிசம்பர் 7 அன்று நீக்கினார்கள். இடையில் 911 ஆண்டுகள். நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய போதனையில் அடிப்படையான உடன்பாடு உண்டு என்று லூத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31 அன்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆயினும் இவ்விரு சபைகளும் இன்றுவரை பொதுவாக ஒரே திருவிருந்தில் பங்கெடுப்பதில்லை. பந்தித் தகராற்றை ஒட்டி எழுதப்பட்ட போதனையைப் பற்றி உடன்பாடு கண்டுவிட்டார்கள். பந்தி மட்டும் இன்னும் கூடவில்லை.

கிறிஸ்தவர் அல்லாதவர்களோடு உள்ள உறவுக்கு இது பொருந்துமா?

பொருந்தும். நல்ல சமாரியன் உவமையில் உதவி செய்பவராக வருபவர், கேட்டவர்கள் தாழ்வாக நினைத்த கூட்டத்தைச் சேர்ந்தவர். யோவான் 4இல் இயேசு சமாரியப் பெண்ணிடம் போதனையோடு தொடங்கவில்லை; தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். கொடுப்பவராக மட்டுமே இருக்க விரும்புகிறவர் மேலே நின்றபடியேதான் கையை நீட்டுகிறார்.

ஓர் உள்ளூர்ச் சபை எங்கே தொடங்குவது?

சிறப்பு ஆராதனையில் தொடங்க வேண்டாம். அது எளிது, மறுநாள் எதையும் மாற்றாது. முதலில் ஒரு கணக்கெடுப்பு போதும். ஆராதனை முடிந்ததும் யார் யாருடன் நின்று பேசுகிறார்கள், சபையார் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்கிறார்களா, பணப்பொறுப்பும் சாவியும் யாரிடம் இருக்கின்றன, யாருடைய மொழியில் ஜெபம் ஏறெடுக்கப்படுகிறது, திருமணப் பேச்சு எந்த எல்லையில் நின்றுவிடுகிறது, அடக்க ஆராதனைக்கு யார் வருவதில்லை. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தியவருக்குக் காலடியில் இடமும் கொடுத்ததை யாக்கோபு நிருபம் கண்டித்தது இப்படிப்பட்ட கவனிப்பினால்தான். அதன்பின், குறை சொல்பவர்களிடம் பொறுப்பைக் கொடுப்பது. இதை அடையாளத்துக்காகச் செய்தால் அவர்களே முதலில் கண்டுகொள்வார்கள்.

எல்லாம் செய்த பிறகும் மறுதரப்பு ஏற்காவிட்டால்?

கூடுமானால், உங்களால் ஆனமட்டும், எல்லா மனிதரோடும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 எழுதியிருப்பதில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன; இரண்டையும் எழுதியவர் அனுபவத்தில் அறிந்தவர். பஞ்சத்திலும் வறுமையிலும் இருந்த எருசலேம் சபைக்காகப் பவுல் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் புறஜாதி விசுவாசிகளிடம் பல ஆண்டுகள் பணம் சேர்த்தார். அந்த உதவி அங்குள்ள பரிசுத்தவான்களால் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும் என்று ஜெபிக்கும்படி ரோமரிடம் கேட்டுக்கொண்டார் (15:31). அதாவது, ஏற்கப்படாமல் போகலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆபத்து என்று நண்பர்கள் தடுத்தும் அதைத் தாமே கொண்டு போனார். அது மனமுவந்து வாங்கப்பட்டதா என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவே இல்லை. அது சொல்வது வேறொன்று: எபேசியனாகிய துரோப்பீமுவைப் பவுல் தேவாலயத்தின் உட்பகுதிக்குள் அழைத்துவந்தார் என்று எண்ணிய கூட்டம், கல்லில் எச்சரிக்கை பொறித்த அந்தச் சுவருக்கு வெளியே அவரை இழுத்துப் போட்டு அடித்தது; கதவுகள் உடனே பூட்டப்பட்டன.